கோடை முகாமும் இரண்டு கொடிகளும்

சித்திரை வெயில் ஏறி, பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டுப் போட்டதும் நம் மஹல்லாக்கள்தோறும் கோடைகால மார்க்க முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. சில ஊர்களில் பத்து நாள். சில ஊர்களில் ஒரு மாதம். காலையில் குர்ஆன் ஓதுதல், பின்னர் தொழுகைப் பயிற்சி, துஆக்களை மனனம் செய்தல், நண்பகலில் உணவு, மாலையில் விளையாட்டு, இறுதி நாளில் பரிசளிப்பு. பள்ளிவாசல் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பில், 'நற்பண்பும் நட்புறவும் வளர்க்கும் முகாம்' என்ற வாசகத்தைப் பெரும்பாலும் காணலாம்.

வாசக அன்பர்களே! அந்த வாசகத்தில் உள்ள இரண்டு சொற்களில் முதற்சொல்லைப் பற்றி நாம் நிறையச் சிந்திக்கிறோம். அதற்குப் பாடநூல் இருக்கிறது, உஸ்தாதுமார்கள் இருக்கிறார்கள், தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. இரண்டாவது சொல்லைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி வைத்துவிட்டால் நட்பு தானாக முளைத்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் முப்பது ஆண்டுகளாக அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வாறு உடைந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஊர் முகாமின் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நாற்பதுக்குச் சற்றுக் குறைவான ஆண்பிள்ளைகள். ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரை. பிள்ளைகளுக்கு உற்சாகம் வேண்டும் என்று கருதி, முதல் நாளே அவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தேன். ஒன்றுக்குப் 'பத்ர் அணி' என்றும், மற்றொன்றுக்கு 'உஹது அணி' என்றும் பெயரிட்டேன். ஒன்றுக்குப் பச்சைக் கொடி. மற்றொன்றுக்கு வெள்ளைக் கொடி. கரும்பலகையில் கோடு கிழித்து, ஓதுவதற்கும், நேரத்துக்கு வருவதற்கும், விளையாட்டுக்கும் புள்ளிகள் எழுதினேன். எத்தகைய புனிதமான பெயர்கள்! அப்பெயர்களைத் தாங்கும் பிள்ளைகள் அவற்றுக்குரிய தியாகத்தையும் சகோதரத்துவத்தையும் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள், பச்சைக் கொடி ஹவுளுக்குள் கிடந்தது. நான்காம் நாள், வெள்ளைக் கொடியின் கம்பு முறிந்தது. ஐந்தாம் நாள் லுஹர் தொழுகைக்கு ஸஃப்பில் நிற்கும்போதே, ஓர் அணியார் மற்றோர் அணியாரின் தோளோடு தோள் சேர மறுத்து இடைவெளி விட்டு நின்றார்கள். இதைச் சரிசெய்ய வேண்டும் என்று எண்ணி, மறுநாள் மதிய உணவுக்கு ஒரு யோசனை செய்தேன். ஒரு சஹனுக்கு நான்கு பேர். இரண்டு பேர் பத்ர், இரண்டு பேர் உஹது. ஒரே தட்டில் கைபோட்டு உண்டால் உள்ளம் ஒன்றாகிவிடும் என்பது நம் பெரியோர் வாக்கல்லவா? நான் வரிசையைச் சுற்றி வந்து பார்த்தபோது, பல சஹன்களில் சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்திருந்தார்கள். கறித்துண்டு எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்பதில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்போதும் நான் விழிக்கவில்லை. பிள்ளைகளின் குறும்பு என்றே விட்டுவிட்டேன்.

அந்த முகாமில் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் வேண்டாம். தந்தை வளைகுடா நாடொன்றில் வேலையில் இருக்க, தாயும் பிள்ளையும் அந்த ஆண்டுதான் வேறூரிலிருந்து எங்கள் ஊரில் உள்ள பாட்டி வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். அவனுக்குத் திக்கிப் பேசும் இயல்பு உண்டு. தனியே ஓதினால் ஓரளவு தடையின்றி ஓதுவான்; பலர் பார்க்கும்போது நாக்கு நின்றுவிடும். முகாம் முடிய மூன்று நாள் இருக்கையில் நடந்த ஓதுதல் போட்டியில், சிறிய சூரா ஒன்றின் நடுவே அவன் நின்றுபோனான். மண்டபம் முழுவதும் காத்திருந்தது. அவனால் தொடர முடியவில்லை. அவனுடைய அணி இரண்டு புள்ளிகளில் பின்தங்கியது. அன்று மாலைக்குள் 'நின்ற வண்டி' என்று அவனுக்குப் பெயர் சூட்டப்பட்டுவிட்டது. சூட்டியவர்கள் எதிரணியார் அல்லர். அவனுடைய சொந்த அணியினர்! அந்த வாரம் நான் பிள்ளைகளுக்கு மனனம் செய்யக் கொடுத்திருந்த பாடமோ, ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம். எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றி ஒப்பித்தார்கள். அதற்கும் நான் புள்ளி கொடுத்திருந்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. அஸருக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கொல்லைப்புறத்தில் இருந்தான். வெளியே வர மறுத்துவிட்டான். அவனுடைய தாய் கதவுக்கு அப்பால் நின்று சொன்னார்: "இங்கே அவனுக்குக் கூட்டாளின்னு யாரும் இல்லை ஹஜ்ரத். முகாமுக்கு வந்தா நாலு பேர் சேருவாங்கன்னுதான் அனுப்பினேன்."

அவர் குறை கூறவில்லை. ஓதக் கற்றுக்கொள்வான் என்று அனுப்பினேன் என்றும் சொல்லவில்லை. அறிவிப்பின் இரண்டாவது சொல்லை நம்பிப் பிள்ளையை அனுப்பிய ஒரு தாய்க்கு, என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஜமாஅத்தில், கல்லூரியில் உளவியல் போதித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மஃரிபுக்குப் பின் அவரிடம் என் மனக்குறையைக் கொட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் செய்த இந்த முகாமை அமெரிக்காவில் வேண்டுமென்றே நடத்திப் பார்த்திருக்கிறார்கள், ஹஜ்ரத். நடத்தியவரும் ஒரு துருக்கியர்தாம்" என்றார். அவர் அன்று சொன்னதையும், பின்னர் எடுத்துக்கொடுத்துப் படிக்கச் சொன்னவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன். கோடை முகாம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது.

முஸாஃபர் ஷெரீப் என்பவர் 1906-ஆம் ஆண்டு, துருக்கியின் இஸ்மீர் நகருக்கு அருகிலுள்ள ஓடெமிஷ் என்னும் ஊரில் பிறந்தவர். 1919 மே மாதத்தில் கிரேக்கப் படை இஸ்மீரில் இறங்கியபோது அவர் சிறுவர். தமக்கு அருகே நின்றவர் கொல்லப்பட்டதையும், தாம் மயிரிழையில் தப்பியதையும் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படி வெறுக்கத் தொடங்குகிறார்கள் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அமெரிக்காவில் பயின்று தாயகம் திரும்பினார். நாஜி இனவாதத்தை எதிர்த்து எழுதியதன் விளைவாக 1944-இல் அங்கே சிறை வைக்கப்பட்டார். பின்பு மீண்டும் அமெரிக்கா சென்று அங்கேயே தங்கினார். 1988-இல் காலமானார்.

1954-ஆம் ஆண்டுக் கோடையில், ஓக்லஹோமா மாநிலத்தில் 'ராபர்ஸ் கேவ்', அதாவது கள்வர் குகை என்று பெயர்பெற்ற வனப்பூங்காவில் அவர் ஒரு சிறுவர் முகாமை நடத்தினார். பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்கள். ஒரே சமயம், ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே வருவாயுள்ள குடும்பங்கள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். அவர்களைப் பதினொருவர் கொண்ட இரண்டு கூட்டங்களாகப் பிரித்து, தனித்தனிப் பேருந்துகளில் கொண்டுவந்து, தனித்தனி இடங்களில் தங்க வைத்தார்கள். ஒரு வாரம் ஒரு கூட்டத்தார் அங்கே இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சேர்ந்து நீந்தினார்கள், சமைத்தார்கள், தங்களுக்குப் பெயரும் கொடியும் வைத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் 'கழுகுகள்'. மற்றது 'கிலுகிலுப்பைப் பாம்புகள்'.

இரண்டாம் வாரத்தில் போட்டிகள் அறிவிக்கப்பட்டன. பேஸ்பால் ஆட்டம், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல். வெற்றி பெறும் கூட்டத்துக்குக் கோப்பையும் பதக்கங்களும் ஆளுக்கொரு மடக்குக் கத்தியும் பரிசு. தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பிறகு நடந்ததை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கழுகுகள் பாம்புகளின் கொடியை எரித்தார்கள், பாம்புகள் இரவில் கழுகுகளின் குடிலைச் சூறையாடினார்கள் என்று சொன்னால் போதும். அவர்களிடம் கத்தியும் தீப்பெட்டியும் இருந்தன. என் பிள்ளைகளிடம் ஹவுள் மட்டுமே இருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. கழுகுக் கூட்டத்துச் சிறுவர்கள் ஆட்டத்துக்கு முன் ஒன்றுகூடி இறைவனைப் பிரார்த்திக்கத் தொடங்கினார்கள். எதிரணியார் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள். ஆகவே நாம் பேசக் கூடாது என்றும் தீர்மானித்தார்கள். பிரார்த்தனையும் நாவடக்கமும் எவ்வளவு உயர்ந்தவை! ஆயினும் இறையச்சத்தால் அவர்கள் நாவை அடக்கவில்லை. எதிரியினும் தாம் மேலானவர் என்று காட்டவே அடக்கினார்கள். கரும்பலகையில் புள்ளிக்காக ஓதப்பட்ட என் பிள்ளைகளின் ஓதுதலை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் ஷெரீபும் அவருடைய துணைவர்களும் பகையை மாற்ற முயன்றார்கள். முதலில் இரு கூட்டத்தாரையும் ஒரே கூடத்தில் உண்ண வைத்தார்கள். ஒன்றாகத் திரைப்படம் பார்க்க வைத்தார்கள். என்ன நடந்தது? உணவை ஒருவர்மீது ஒருவர் எறிந்துகொண்டார்கள். அருகே அமர்த்துவதால் மட்டும் பகை நீங்குவதில்லை. அருகே அமர்ந்து பகைக்க மற்றொரு வாய்ப்புக் கிடைக்கிறது, அவ்வளவே. என் சஹனில் கிழிக்கப்பட்ட கோட்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

பிறகு வேறொரு வழி. முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோனது. தொட்டியில் அடைப்பு, அடைத்தவர்கள் ஷெரீபின் ஆட்கள்தாம். சிறுவர்கள் இரு கூட்டமாகக் குழாய் வழியே தேடிச் சென்று, தொட்டியருகே சந்தித்து, மாறி மாறிக் கைகொடுத்து அடைப்பை நீக்கினார்கள். இன்னொரு நாள், விருப்பமான படத்தை வரவழைக்க முகாமில் போதிய பணம் இல்லை என்றார்கள்; இரு கூட்டத்தாரும் பங்கு போட்டுப் பணம் திரட்டினார்கள். பிறிதொரு நாள், உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்ப மறுத்தது. சிறுவர்கள் ஒரு கயிற்றைக் கட்டி, எல்லாரும் ஒரே பக்கமாக நின்று இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? சில நாள் முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே போட்டிக் கயிறு!

ஒரே வேலையால் பகை கரைந்துவிடவில்லை. அடுத்தடுத்துப் பல வேலைகள் வேண்டியிருந்தன. இறுதியில், உன் நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டபோது, முன்பு பத்தில் ஒருவரைக்கூட எதிர்க்கூட்டத்திலிருந்து சொல்லாதவர்கள், இப்போது நான்கில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்னும் அளவுக்குச் சொன்னார்கள். ஊர் திரும்ப ஒரே பேருந்தில் போவோம் என்று பெரும்பாலோர் விரும்பினார்கள். வழியில் நின்ற இடத்தில், தாம் பரிசாகப் பெற்றுக் கையில் வைத்திருந்த ஐந்து டாலரைப் பாம்புக் கூட்டத்தார் எடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் மால்ட் கலந்த பால் வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்தப் பரிசோதனையை நான் புகழ்வதாக எண்ணிவிடாதீர்கள். தாங்கள் ஆராய்ச்சிக்கு ஆட்பட்டிருக்கிறோம் என்பது அந்தச் சிறுவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. பிறர் பிள்ளைகளுக்கிடையே பகையை மூட்டி, அணைத்துப் பார்ப்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. ஷெரீப் அறிந்து செய்ததை நான் அறியாமல் செய்தேன் என்பது என்னளவில் ஆறுதலாகவும் இல்லை.

இதைப் படித்த பிறகு, மதரஸாவில் ஓதிய நாளிலிருந்து பலமுறை கடந்துபோன ஒரு நிகழ்ச்சியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நீங்களும் ஜும்ஆ பயான்களில் கேட்டிருப்பீர்கள். பனூ முஸ்தலிக் படையெடுப்பின்போது, முரைஸீ என்னும் நீர்நிலையருகே முஹாஜிர் ஒருவருக்கும் அன்சாரி ஒருவருக்கும் பிணக்கு மூண்டது. ஒருவர் மற்றவரை அடித்தும் விட்டார். உடனே ஒருவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். மற்றவர் அன்சாரிகளைக் கூவி அழைத்தார். அந்தக் கூக்குரலைச் செவியுற்ற நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், இது அறியாமைக் காலத்து அழைப்பு, இதை விட்டொழியுங்கள், இது துர்நாற்றம் வீசுவது என்று கண்டித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். முஹாஜிர், அன்சாரி ஆகியவை குலப்பெயர்களா? சாதிப்பெயர்களா? இறைவனே தன் திருமறையில் புகழ்ந்துரைக்கும் பெயர்கள் அவை. அவற்றினும் தூய பெயர் உலகில் எந்த அணிக்கு உண்டு? ஆயினும், தோழனை எதிர்த்து ஆள் சேர்க்க அப்பெயர் பயன்பட்ட அக்கணமே அது ஜாஹிலிய்யத்தின் குரலாகிவிட்டது. பத்ர் என்றும் உஹது என்றும் பெயர் வைத்துவிட்டேன், இனி என்ன என்று நினைத்த எனக்கு இது எத்துணை பெரிய பாடம்! ஐம்பது வயதைக் கடந்து, கிதாபுகளோடே வாழ்ந்த ஒருவனுக்கு இது அதுவரை தோன்றவில்லையே என்று வெட்கினேன்.

அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியும் கவனிக்கத் தக்கது. சச்சரவை ஊதிப் பெருக்க நயவஞ்சகர் தலைவன் முயன்றபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் வழக்கமில்லாத வேளையில் புறப்பட உத்தரவிட்டு, அன்று பகலும் இரவும் மறுநாள் வெயில் ஏறும் வரையிலும் படையை இடைவிடாது நடத்திச் சென்றார்கள். தங்கியதும் அனைவரும் தரையில் சாய்ந்து உறங்கிவிட்டனர். வீண்பேச்சில் மனம் செல்லாதிருக்கவே அவ்வாறு செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நீண்ட உபதேசம் செய்யவில்லை. எல்லாரையும் ஒரே பாதையில் ஒன்றாகக் களைப்படையச் செய்தார்கள்.

நபித்துவத்துக்கு முன்னரே, தமது முப்பத்தைந்தாம் வயதில் கஅபாவின் ஹஜருல் அஸ்வத் கல்லைப் பதிக்கும் தகராறை அண்ணலார் தீர்த்த விதமும் உங்களுக்குத் தெரியும். வாள் உருவும் நிலைக்கு வந்துவிட்ட குறைஷிக் குலங்களுக்கு அவர்கள் சமாதானச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ஒரு துணியை விரித்துக் கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு குலத்தாரும் ஒரு விளிம்பைப் பற்றித் தூக்கச் செய்தார்கள். ஒருவர் கைவிட்டாலும் கல் சாயும். ஹிஜ்ரி 5-இல் அகழ் தோண்டியபோதும் அவ்வாறே. பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று அளந்து கொடுத்தார்கள். தாமும் மண் சுமந்தார்கள். அங்கேயும் முஹாஜிரும் அன்சாரியும் போட்டியிட்டார்கள், எதற்கு? பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) எங்களைச் சேர்ந்தவர் என்று இரு சாராரும் உரிமை கொண்டாடினார்கள். ஸல்மான் நம் இல்லத்தாரில் ஒருவர் என்று அண்ணலார் சொல்லி முடித்தார்கள். அந்நிய ஊரான் ஒருவனை 'எங்களுக்கு வேண்டும்' என்று இரு தரப்பும் கேட்ட அந்த அகழை நினைக்கும்போதெல்லாம், கொல்லைப்புறத்தில் ஒளிந்துகொண்ட அந்தச் சிறுவன் நினைவுக்கு வருவான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பகை மூண்ட பின் தணிப்பது ஒரு வழி. மூளாமலே காப்பது அதனினும் மேலான வழி. இதற்கும் ஷெரீபின் முகாம்களிலேயே சான்று உண்டு. ராபர்ஸ் கேவ் முகாமுக்கு முந்தைய ஆண்டு, 1953-இல், நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவ் என்னுமிடத்தில் அவர் இன்னொரு முகாம் நடத்தினார். அது தோற்றது, ஆதலால் வெகுகாலம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜினா பெர்ரி என்னும் ஆஸ்திரேலிய எழுத்தாளர், அன்றைய பதிவேடுகளைத் தேடிப் பிடித்தும் அச்சிறுவர்களில் சிலரை முதுமையில் சந்தித்தும் 2018-இல் எழுதிய நூலால் அது பலருக்கும் தெரியவந்தது.

அங்கே சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, அதன் பின்னரே 'சிறுத்தைகள்', 'மலைப்பாம்புகள்' என்று பிரித்தார்கள். பகை மூட்ட முகாம் ஊழியர்களே திருட்டுத்தனமாக வேலை செய்தார்கள். துணிகளைக் களவாடினார்கள், சலவையில் மாறிப்போயிருக்கும் என்று சிறுவர்கள் விட்டுவிட்டார்கள். கொடியின் கயிற்றை அறுத்தார்கள்; எதிரணிச் சிறுவர்கள் ஒவ்வொருவராக வேதநூலின்மீது ஆணையிட்டு, நாங்கள் செய்யவில்லை என்றார்கள். அந்த ஆணையை மற்றவர்கள் நம்பினார்கள்! கயிறு இழுப்பதில் தோற்றவர்கள், வென்றவர்களே சிறந்த அணி என்று ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் ஒரு கூடாரத்தைச் சாய்த்து, ஒரு பையனின் இசைக்கருவியை உடைத்தபோது, சிறுவர்கள் ஒன்றுசேர்ந்து கூடாரத்தை நிமிர்த்திவிட்டு, சந்தேகக் கண்ணோடு பெரியவர்களைப் பார்த்தார்கள். பிள்ளைகள் பகைக்கவில்லை, பெரியவர்களின் சூழ்ச்சிதான் அம்பலமாயிற்று.

முதலில் அறிமுகம். இறைவன் மனிதரைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அதே ஹுஜுராத் அத்தியாயம் 13-ஆம் வசனத்தில் கூறுகிறது. நான் 11-ஆம் வசனத்தை மனனம் செய்வித்தேன். 13-ஐச் செய்துகாட்ட மறந்தேன். இது ஒருபோதும் பிழைக்காத விதி என்றும் கூறமாட்டேன். 1949-இல் ஷெரீப் நடத்திய முதல் முகாமில், சில நாள் பழகிய நண்பர்களை வெவ்வேறு கூட்டத்தில் போட்டபோது, புதிய கூட்டத்தின் பற்று பழைய நட்பை மிஞ்சிவிட்டது. பிள்ளைகளின் நட்பு தளிர் போன்றது. தண்ணீரும் வேண்டும், ஆடு மேயாமல் வேலியும் வேண்டும்.

அடுத்த ஆண்டு முகாமில் கரும்பலகையில் புள்ளிப் பட்டியல் எழுதவில்லை. கொடியும் இல்லை. பரிசு எல்லாருக்கும் ஒன்றே: ஒரு பேனாவும் ஒரு தொப்பியும். ஜமாஅத்தார் சிலர், போட்டி இல்லாமல் பிள்ளைகள் எப்படி ஓதுவார்கள் என்று கேட்டார்கள். ஆலிமா ஒருவர் நடத்திய பெண்பிள்ளைகள் பிரிவில் தொடக்க முதலே அணியும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆனால் ஓதுதலில் அவர்கள்தாம் முந்தியிருந்தார்கள். அதை நான் எடுத்துக்காட்டிய பிறகு எதிர்ப்பு சற்று அடங்கியது. அந்த அம்மையார் அப்படி நடத்துவதன் காரணத்தை முன்பே கேட்டிருந்தால் எனக்கு அமெரிக்கா வரை போக வேண்டியிருந்திராது.

முதல் மூன்று நாளும் பாடத்துக்கு முன் ஒரு மணி நேரம் வேறொரு வேலை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு அறிமுகமில்லாத ஒருவனோடு அமர்ந்து, அவனைப் பற்றிக் கேட்டறிந்து, மறுநாள் அவனைச் சபைக்கு அறிமுகப்படுத்த வேண்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூசும் பிள்ளைகள்கூடப் பிறரைப் பற்றிப் பேச முன்வந்தார்கள். அந்தச் சிறுவனை அவன் தாய் மறுபடியும் அனுப்பியிருந்தார். எப்படி மனம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள், ஹவுள் இறைக்கும் வேலை. ஒளூச் செய்யும் எங்கள் ஹவுள் பழையது. அடியில் பாசி கனத்திருந்தது. ஆண்டுதோறும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை அம்முறை பிள்ளைகளிடம் விட்டோம். நீர் இடுப்பளவுக்குக் கீழே இறங்கும் வரை பெரியவர்கள் இறைத்தோம். பிறகு பிள்ளைகள் உயர வரிசைப்படி, ஹவுளின் படியிலிருந்து வெளித்தென்னை வரை நின்று, வாளிகளைக் கைமாற்றினார்கள். நடுவில் ஒருவன் சோம்பினால் வரிசை முழுவதும் நின்றுவிடும். ஆகவே யார் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று பார்க்க எவனுக்கும் நேரமில்லை.

நீர் முழங்காலளவுக்கு வந்ததும் ஒரு சிக்கல். ஹவுளில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றைச் சாகாமல் பிடித்துப் பீப்பாயில் விட வேண்டும். பிள்ளைகள் பாய்ந்து பாய்ந்து பிடித்தார்கள், மீன்கள் வழுக்கின, கரையில் விழுந்து துடித்தன. அப்போது வரிசையின் கடைசியில் நின்ற அந்தச் சிறுவன் இறங்கினான். ஒரு பழைய துண்டை இருவரைப் பிடிக்கச் சொல்லி, நீருக்குள் தாழ்த்தி, மற்றவர்களை எதிர்முனையிலிருந்து மெதுவாக நடந்துவரச் சொன்னான். சொல்லும்போது திக்கினான். யாரும் சிரிக்கவில்லை, அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்கள். அவன் முன்பிருந்த ஊரில் வீட்டருகே குளம் இருந்ததாம். அன்று முழுவதும், 'இதை எப்படிப் பிடிப்பது', 'அது பெண் மீனா', 'பீப்பாயில் எவ்வளவு தண்ணீர் வேண்டும்' என்று அவனைச் சுற்றி ஒரே கேள்வி.

அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த குருவி இறந்துபோனபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதன் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார்கள் என்பது புகாரி ஷரீபில் வருகிறது. உலகத்தாரின் துயரமெல்லாம் சுமந்தவர்கள், ஒரு பிள்ளையோடு பேச அதன் குருவியைப் பற்றிக் கேட்டார்கள். நான் அந்தச் சிறுவனோடு ஓராண்டாக ஓதலைப் பற்றி மட்டுமே பேசியிருந்தேன்.

அவன் இன்றும் திக்குகிறான். சபையில் ஓதச் சொன்னால் இன்றும் நிற்கிறான். ஆனால் இப்போது அவன் நின்றால் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுக்கிறான். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அந்த ஆண்டும் இரண்டு பையன்கள் செருப்புக்காக மூக்கில் குத்திக்கொண்டார்கள். அவர்கள் ஒரே தெருவினர்; அணிகள் அதற்குக் காரணமல்ல.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் நான்காம் நாள் ஹவுள் இறைக்கிறோம். மீன்களின் எண்ணிக்கை கூடிவிட்டதால் ஒரு பீப்பாய் போதவில்லை. வாளிகளும் பாதிக்கு மேல் ஓட்டை. எங்கள் ஜமாஅத்தார் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், வீட்டில் சும்மா கிடக்கும் வாளிகளைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி வைக்கவும். பெரிய வாளி வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை தூக்குமளவு இருந்தால் போதும்.